கிளிநொச்சியில் மூத்த பெண்களுக்கான குறுந்தூர ஓட்டப் பயிற்சி: பங்கேற்ற ஒருவரின் மதிப்பீடு

கிளிநொச்சி நகரிலிருந்து பரந்தன் பக்கமாகப் போகையில், ஏ9 வீதியை விட்டுச் சற்று உள்ளே இருக்கும் ஒரு பாடசாலை மைதானத்தில், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை ஒருவர் 35 வயதைக் கடந்த பெண்களுக்குக் குறுந்தூர ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறார். பெயர்ப்பலகையோ விளம்பரமோ இல்லாத இந்தப் பயிற்சியில் மாசி மாதம் முதல் நானும் பங்கேற்று வருகிறேன். அதன் தரத்தையும் குறைகளையும் வன்னியில் உள்ள ஏனைய பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமது பெயர் வெளிவருவதை ஆசிரியை விரும்பாததால், அவரை நாங்கள் அழைப்பது போலவே ரீச்சர் என்று இங்கு குறிப்பிடுகிறேன். எனக்கு வயது 58. பாடசாலைக் காலத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் 100 மீற்றர் ஓடியவள் என்பதைத் தவிர எனக்கு வேறு விளையாட்டுப் பின்னணி இல்லை.

எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு உடற்பயிற்சி என்றால் அது நடை மட்டுமே. சலரோகக் கிளினிக்கிலும் நடக்கத்தான் சொல்கிறார்கள். விடியற்காலையில் குளக்கட்டு வழியே சேர்ந்து நடக்கும் பெண்களை இப்போது எல்லா ஊர்களிலும் காணலாம். அது நல்ல பழக்கம். ஆயினும் வயதான ஒரு பெண்ணைப் பார்த்து, இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை உங்களால் இயன்ற முழு வேகத்தில் ஓடுங்கள், எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று நான் குறித்து வைக்கிறேன் என்று சொல்லும் ஓர் இடத்தை இதற்கு முன் நான் கண்டதில்லை. ரீச்சரின் பயிற்சியை மற்றவற்றிலிருந்து வேறாக்குவது இதுதான். இங்கே ஓட்டம் நோய்க்கு மருந்தாக மட்டும் கருதப்படுவதில்லை. அளந்து, பதிந்து, அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த ஒரு திறமையாகக் கருதப்படுகிறது.

மைதானத்தின் ஓரத்தில், விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் தகரக் கொட்டகையின் உட்சுவரில், ரீச்சர் ஒரு பிறிஸ்டல் போட்டை ஒட்டியிருக்கிறார். முதியோர் மெய்வல்லுநர் போட்டிகள் 35 வயதில் தொடங்கி ஐந்து ஐந்து வருடப் பிரிவுகளாக நடத்தப்படுகின்றன என்பதும், அதன் முதலாவது உலகப் போட்டி 1975இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடந்தது என்பதும் அதன் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. அதற்குக் கீழே பெண்களின் பெயர், நாடு, வயது, நேரம், ஆண்டு ஆகியவை நீல மையில் வரிசையாக உள்ளன. யமேக்காவில் பிறந்து பிற்காலத்தில் சிலோவேனியாவுக்காக ஓடிய மெர்லீன் ஓட்டி, 50 வயதில், 2010ஆம் ஆண்டில், 100 மீற்றரை 11.67 செக்கனில் ஓடினார். அதே ஆண்டு பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய வல்லவர் போட்டியில் தம்மிலும் பாதி வயதுடையவர்களுடன் அஞ்சல் ஓட்டத்திலும் பங்கேற்றார். அமெரிக்காவின் கதி பேர்கன் 82 வயதில், 2022இல், 16.26 செக்கனில் ஓடினார். கனடாவின் ஒல்கா கொட்டெல்கோ 77 வயதில்தான் மெய்வல்லுநர் போட்டிகளுக்கு வந்தார்; 90 வயதில், 2009இல் சிட்னியில், அவர் எடுத்த நேரம் 23.95 செக்கன். நூறு வயதுப் பிரிவில் லூசியானா மாநிலத்தின் யூலியா ஹோக்கின்ஸ் 2017இல் 39.62 செக்கனில் ஓடியதை, 2021இல் டயான் பிரீட்மன் 36.71 செக்கனாகக் குறைத்தார். அதே 2021இல், 105 வயதில், ஹோக்கின்ஸ் மீண்டும் ஓடி 1 நிமிடம் 2.95 செக்கனில் முடித்தார். அந்த வயதுப் பிரிவில் அவருக்கு முன் எந்தப் பெண்ணும் நேரம் பதித்திருக்கவில்லை. இருந்தும் ஒரு நிமிடத்துக்குள் ஓடவில்லையே என்றே அவர் வருந்தினார்.

ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ஆண்டு எழுதப்பட்டிருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். சாதனைகள் உடைபடுவதற்கே உள்ளவை. ஆண்டு இல்லாத சாதனை வெறும் கதையாகிவிடும். பட்டியலில் இருப்பவர்களுள் கொட்டெல்கோவும் ஹோக்கின்ஸும், 90 வயதுப் பிரிவில் 2024ஆம் ஆண்டு 200 மீற்றரை 51.47 செக்கனில் ஓடிய இத்தாலியின் எம்மா மரியா மசெங்காவும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் என்பதை ரீச்சர் புதிதாக வருபவர்களிடம் தவறாமல் சொல்வார். மசெங்காவின் தசைகளை ஆய்வாளர்கள் இன்று ஆராய்ந்து வருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

பட்டியலின் கடைசியில், சாதனை நேரம் என்பதற்காக அல்லாமல் வேறு காரணத்துக்காக இரண்டு பெயர்கள் உள்ளன. ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த மான் கவுர். 93 வயதில் மகனின் தூண்டுதலால் ஓடத் தொடங்கி, 2017இல் ஒக்லாந்தில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டு விழாவில் 101 வயதில் 100 மீற்றரை 74 செக்கனில் ஓடியவர். அவர் 2021இல் 105 வயதில் காலமானார். மற்றவர் நியூயோர்க்கின் ஐடா கீலிங். இரு மகன்மாரையும் கொலைக்குப் பறிகொடுத்து ஒடுங்கிப் போயிருந்த அவரை, 67 வயதில், அவருடைய மகள்தான் ஓட்டத்துக்கு அழைத்துச் சென்றார். 2016இல், நூறு வயதைக் கடந்த பின், பிலடெல்பியாவின் பென் அஞ்சல் ஓட்ட விழாவில் 1 நிமிடம் 17.33 செக்கனில் அவர் 100 மீற்றரை முடித்தார். இந்த வரியை ரீச்சர் விளக்குவதே இல்லை. வன்னியில் அதற்கு விளக்கம் தேவைப்படாது. என்னுடன் ஓடுபவர்களில் ஒருவர் அதை வாசித்துவிட்டு, “அந்த மனிசிக்கு மகள் எண்டாலும் இருந்திருக்கு” என்று மட்டும் சொன்னார். அவர் இன்றும் ஒழுங்காக வருகிறார்.

பயிற்சி முறை கவனமாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் மாதம் யாரும் 100 மீற்றர் ஓடுவதில்லை. கால்களைச் சூடாக்கும் நடை, முழங்காலை உயர்த்தி நடத்தல், படியின் விளிம்பில் நின்று குதிக்காலை உயர்த்தி இறக்குதல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும்புதல் ஆகியவற்றுக்குப் பிறகே 20, 30 மீற்றர் ஓட்டங்கள் தொடங்குகின்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் மூச்சு முழுமையாக அடங்கும்வரை ஓய்வு கொடுக்கப்படுகிறது. களைக்கக் களைக்க ஓடினால் வேகம் வராது, காயம்தான் வரும் என்பது ரீச்சரின் உறுதியான நிலைப்பாடு. அதற்கு அவர் சொல்லும் காரணமும் சரியானது. வயது ஏறும்போது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் முதலில் மெலிகின்றன. கால்கள் அடிக்கும் விரைவு பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் எட்டின் நீளம் குறைகிறது, பாதம் நிலத்தில் தங்கும் நேரம் கூடுகிறது. ஆகவே மூத்த ஓட்டக்காரி ஒருத்தி மீட்டெடுக்க வேண்டியது முக்கியமாக நிலத்தை உதைக்கும் பலத்தைத்தான். தொடையின் பின்தசை கிழிவது இந்த வயது ஓட்டக்காரருக்கு அடிக்கடி நேரும் காயம் என்பதால், அந்தத் தசைக்கான பயிற்சிகளில் அவர் காட்டும் கண்டிப்பை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஓட்டத்தின் கடைசிப் பகுதியைப் பற்றி அவர் கற்பித்த ஒன்று எனக்கு மிகவும் பயன்பட்டது. எங்களில் பெரும்பாலோர் முடிவுக் கோட்டைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துவிடுகிறோம். அதனால் அவர் கோட்டுக்கு அப்பால் ஒரு வேப்பங்கன்றைக் காட்டி, “கோட்டில நிண்டிடாதேங்கோ அம்மா, அந்தக் கண்டுமட்டும் ஓடுங்கோ” என்று ஒவ்வொரு தடவையும் கூவுவார். அவரிலும் மூத்தவர்களை அம்மா என்றும், ஏனையோரைத் தங்கச்சி என்றும் அழைக்கும் அவர், யாரையும் வயதைச் சொல்லித் தேற்றுவதில்லை.

ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் முறையையும் குறிப்பிட வேண்டும். இங்கே துப்பாக்கி வெடி இல்லை. வெடிச் சத்தம் கேட்டவுடன் ஓடுவதற்குப் பதிலாகக் குனிந்து நிலத்தோடு நிலமாகப் படுத்துவிடும் பழக்கம் எங்களில் சிலருக்கு இன்னும் உடலில் இருக்கிறது. அதை அறிந்த ரீச்சர், “ஆயத்தம்” என்று சொல்லியபின் பிடி போட்ட இரண்டு பலகைகளைத் தலைக்கு மேலே ஒன்றோடொன்று அடிக்கிறார். பலகைகளின் உட்புறம் வெள்ளையாகப் பூசப்பட்டிருப்பதால், அவை மூடுவது தூரத்தில் நிற்பவருக்கும் தெளிவாகத் தெரியும். இது மனத்துக்கு இதமான ஏற்பாடு என்பதோடு, நேரம் குறிப்பதற்கும் உகந்தது. ஒலி 100 மீற்றரைக் கடக்க ஏறக்குறைய 0.3 செக்கன் எடுக்கும். முடிவுக் கோட்டில் நிற்பவர் ஒலியைக் கேட்டு நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தினால், ஓடியவருக்கு அந்தளவு நேரம் இலவசமாகக் கிடைத்துவிடும். கண்ணால் பார்த்து அழுத்துவதே முறை. குந்தியிருந்து புறப்படும்படி இங்கு யாரும் வற்புறுத்தப்படுவதில்லை. உலக மூத்தோர் போட்டிகளிலும் நின்றபடி புறப்பட இடமுண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதற்காகவே தயங்கி நிற்க வேண்டியதில்லை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். இவற்றுள் முதன்மையானது நேரக் கணிப்புத்தான். நேரத்தையே மையமாக வைத்து நடக்கும் ஒரு பயிற்சியில், நேரத்தைக் குறிப்பவர் ஒருவர், கடிகாரமும் ஒன்று. கையால் நேரம் குறிக்கும்போது மூன்று பேர் குறிக்க வேண்டும், மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ள நேரத்தை எடுக்க வேண்டும் என்பதுதான் போட்டி முறை. ஒருவர் மட்டும் குறிக்கும்போது அவருடைய விரல் ஒருநாள் விரைவாகவும் மறுநாள் தாமதமாகவும் இருக்கலாம். எங்கள் முன்னேற்றமோ பெரும்பாலும் ஒரு செக்கனின் பத்தில் இரண்டு மூன்று பங்கு அளவிலேயே இருக்கிறது. விரலின் தாமதத்தையும் காலின் முன்னேற்றத்தையும் அப்போது எப்படிப் பிரித்தறிவது? ரீச்சரின் கொப்பியில் கடிகாரம் காட்டிய நேரம் செக்கனின் நூறில் ஒரு பங்கு வரை அப்படியே எழுதப்படுகிறது. என் பெயருக்கு நேரே 19.41 என்று இருக்கிறது. கைக்கணிப்பு நேரத்தை அடுத்த பத்திலொரு பங்குக்கு உயர்த்தி 19.5 என்று எழுதுவதே முறை. மின்னியல் கணிப்போடு ஒப்பிடுவதென்றால் 100 மீற்றருக்கு மேலும் 0.24 செக்கன் கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் சுவரில் உள்ள பட்டியலுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க என் நேரம் 19.74 ஆகும். குறுந்தூர ஓட்டங்களில் உலக மூத்தோர் சாதனையாக ஏற்கப்படுவதற்கு மின்னியல் நேரக் கணிப்பு கட்டாயம். அத்தகைய கருவியை ஒரு கிராமத்து மைதானத்தில் யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இன்னும் இரண்டு நிறுத்தற் கடிகாரங்களை வாங்கி, ஓடாமல் ஓய்வில் இருக்கும் பெண்களிடம் கொடுத்துப் பழக்குவது கைக்கெட்டிய காரியம். இதை ரீச்சரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். பணம் சேர்ந்ததும் வாங்குவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது காற்று. மைதானத்தின் நேர் ஓட்டப் பாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கீறப்பட்டிருக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை எங்கள் வெளிகளில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எவ்வளவு உரமாக வீசும் என்பது இங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேற்பட்ட பின்காற்று இருந்தால் 100, 200 மீற்றர் நேரங்கள் சாதனைக்குச் சேர்க்கப்படுவதில்லை. ஆனி, ஆடி மாதப் பின்னேரங்களில் பயிற்சிக்கு வரும் ஒருவர் தம் நேரம் திடீரெனக் குறைந்திருப்பதைக் கண்டு மகிழ்வார். மழைக்காலத்துக்கு முன் காற்று திரும்பியதும் அதே நேரம் மீண்டும் கூடும்போது சோர்ந்துவிடுவார். அப்படிச் சோர்ந்து நின்றுவிட்ட ஒருவரை நான் அறிவேன். காற்றை அளக்கும் கருவி இல்லாவிட்டாலும், கோட்டருகே ஒரு கம்பத்தில் துணியைக் கட்டி, அது பறக்கும் திசையையும் உரத்தையும் நேரத்துக்குப் பக்கத்தில் கொப்பியில் எழுதி வைத்தாலே போதும்.

மைதானத்தின் தரை புல்லும் கிரவலும் கலந்தது. வேலியோரத்தில் நெருஞ்சி பரந்து கிடக்கிறது. வெறுங்காலோடு ஓடுவதற்கு ரீச்சர் அனுமதிப்பதில்லை. செருப்போடும் ஓட விடுவதில்லை. முட்சப்பாத்து தேவையில்லை, குதிக்கால் தடிப்பில்லாத சாதாரண கன்வஸ் சப்பாத்தே போதும். கொழும்பு சுகததாச மைதானத்தைப் போன்ற செயற்கை ஓடுபாதையில் பழகாதவர்கள் அங்கு போட்டிக்குப் போகும்போது அந்தத் தரை காலை மேலே தள்ளுவது போல உணர்வார்கள் என்று ரீச்சர் சொல்கிறார். உடையில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. நீளக் காற்சட்டையோடு வருபவர்களும், பழைய சுடிதாருக்கு மேலே மகனின் ரீசேட்டைப் போட்டுக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். பாடசாலை விட்டபின் பையன்கள் பந்தடிக்க வரும் நேரமும் எங்கள் நேரமும் ஓரளவு ஒன்றாகிவிடுவதால், தொடக்கத்தில் கூச்சப்படுபவர்கள் வேலியோரப் பக்கத்தில் நின்று பயிற்சி செய்யலாம்.

குடிநீரை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மலசலகூடம் பூட்டியிருக்கிறது, காவலாளியிடம் திறப்பைக் கேட்டு வாங்கவேண்டியிருப்பது மூத்த பெண்களுக்குப் பெரும் சங்கடம். உயர் இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரின் சம்மதத்தோடு வர வேண்டும் என்று ரீச்சர் வாயால் சொல்கிறார். அது போதாது. முழு வேக ஓட்டம் இருதயத்தைக் கடுமையாக வேலை வாங்கும் செயல் என்பதால், எழுத்தில் ஒரு துண்டு பெற்றுவர வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்த வேண்டும். மாதக் கட்டணம் 1000 ரூபாய்; தர இயலாதவர்களிடம் அவர் கேட்பதில்லை.

பயிற்சியோடு சேர்த்து ரீச்சர் செய்யும் இன்னொரு சேவையை, ஓட்டத்துக்குச் சமமாகவே நான் மதிப்பிடுகிறேன். முதியோர் மெய்வல்லுநர் போட்டியில் வயதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறந்த திகதியில் ஒரு நாள் வேறுபட்டாலும் 59 வயதுக்காரி 60 வயதுப் பிரிவுக்கு மாறிவிடக்கூடும். வயதை நிறுவும் பத்திரம் இல்லாமல் போட்டிக்கு விண்ணப்பிக்க முடியாது. சாதனைக்கு உரிமை கோரவும் முடியாது. 2009 இறுதிப் போரில் பங்கருக்குள்ளும் வீதியோரங்களிலும் பத்திரப் பைகளை விட்டுவிட்டு உயிரோடு வெளியே வந்த பெண்கள் வாழும் இடம் இது. அடையாள அட்டை மீண்டும் எடுத்தவர்களில் சிலரிடம் பிறப்புச் சான்றிதழின் பிரதி இன்னும் இல்லை. இன்னும் சிலருக்குப் பிறந்த வருடம் உத்தேசமாகப் பதியப்பட்டிருக்கிறது. யாருடைய பிறப்பு எந்தப் பதிவாளர் பிரிவில் பதியப்பட்டிருக்கும், பிரதேச செயலகத்தில் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும், பெயரின் எழுத்து மாறியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை ரீச்சர் ஒவ்வொருவராக உட்கார வைத்து எழுதிக் கொடுக்கிறார். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, ஓட்டம் பழக வந்த இடத்தில் தம் பிறப்புச் சான்றிதழைத் திரும்பப் பெற்றார். அதை அவர் பொலித்தீன் உறையில் போட்டு மைதானத்துக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டியபோது, நாங்கள் அந்தத் திகதியை வாய்விட்டு வாசித்தோம்.

முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் தங்கப் பதக்கங்கள் வென்று வந்ததன் பின்னரே இப்பகுதிப் பெண்கள் பலர் இந்த வயதிலும் போட்டி இருக்கிறது என்று அறிந்தார்கள். அவருடைய வெற்றி 1500 மீற்றர் ஓட்டத்திலும் விரைவு நடையிலும் கிடைத்தது. குறுந்தூர ஓட்டத்தில் வன்னிப் பெண்ணொருவரின் பெயர் ஆசிய மட்டத்தில் எழுதப்படுவதற்குக் கால்களில் குறையில்லை என்று, என்னுடன் ஓடும் இரண்டு மூன்று பேரைப் பார்த்த அளவில் நான் உறுதியாகச் சொல்வேன். குறையாக இருப்பவை சரியான கடிகாரமும், காற்றைக் குறித்த கொப்பியும், பயணச் செலவும்தான். முதலிரண்டையும் ரீச்சர் சரிசெய்தால் இந்தப் பயிற்சியை வன்னியில் உள்ள எந்தப் பெண்ணுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இப்போதைய நிலையிலும், நடையோடு மட்டும் திருப்தி அடையாதவர்களுக்கு இது மிகப் பயனுள்ள இடம்.

முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர்களும், அடிக்கடி தலைசுற்று உள்ளவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு பின்னேரங்கள் ஒதுக்கினால் போதும். மாரியில் மைதானத்தின் முடிவுக் கோட்டுப் பக்கம் நீர் தேங்குவதால், கார்த்திகையிலிருந்து தை வரை ஓட்டம் நிறுத்தப்பட்டு, கொட்டகைக்குள் பலப் பயிற்சி மட்டுமே நடக்கிறது என்று பழையவர்கள் சொல்கிறார்கள். ஆகவே புதிதாகச் சேர விரும்புவோர் தரை காய்ந்திருக்கும் மாசியில் சேர்வதே சிறந்தது. பங்குனி முடிவதற்குள் 30 மீற்றர் ஓட்டங்கள் கைவந்துவிடும். சோளகம் தொடங்குவதற்கு முன், காற்றின் உதவியில்லாத முதல் 100 மீற்றர் நேரத்தைக் கொப்பியில் பதிந்துகொள்ளவும் வாய்ப்புக் கிடைக்கும்.